அஞ்சலை அக்காவின் கன்றுக்கு நான் பார்த்த முட்டை வைத்தியம்

படித்த பெண் என்ற பெயர் எங்கள் தெருவில் எனக்குச் சரியாகப் பதினொரு மாதம் இருந்தது. பன்னிரண்டாவது மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில், அது போய்விட்டது. யாரும் பறித்துக்கொள்ளவில்லை. நானே கொண்டுபோய்த் தொலைத்தேன், அதுவும் ஒரு மாட்டுக் கொட்டகையில்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை, நகரியத்தில் குவார்ட்டர்ஸ். நான் தினமும் விடியற்காலையில் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போய் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் தயிர், மண், ஆற்றுத் தண்ணீர் என்று கௌரவமான விஷயங்கள் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது கோழி முட்டை. (நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். முட்டை என்ற சொல்லையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.)

விஷயம் இதுதான். பிறந்த கன்றுகளுக்கு முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு வைரஸ் குடலைத் தாக்கும். நம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கிற ரோட்டா வைரஸின் பங்காளி அது. தண்ணீர் தண்ணீராகக் கழிந்து, இரண்டு நாளில் கன்று போய்விடும். அந்த வைரஸைக் கொன்று, செத்த வைரஸைக் கோழிக்கு ஊசியாகப் போட்டால், கோழியின் உடம்பு அதற்கு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும். கோழி அதைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளாது. வரப்போகும் குஞ்சுக்கு ஆகட்டும் என்று மஞ்சள் கருவிலும் சேர்த்து வைக்கும். அந்த மஞ்சள் கருவைப் பாலில் கலந்து கன்றுக்குத் தினமும் கொடுத்தால், குடலுக்குள் வருகிற வைரஸை அந்தப் புரதம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கோழி தன் பிள்ளைக்கு எடுத்து வைத்ததைப் பசுவின் பிள்ளைக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

என்னிடம் ஆறு கோழிகள். மூன்றுக்கு ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காலில் சிவப்பு பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தோம். மற்ற மூன்றுக்கு ஊசியும் இல்லை, வளையமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இப்படிச் சும்மா வைத்திருப்பதற்கு ஆய்வகத்தில் 'கண்ட்ரோல்' என்று பெயர். முட்டையில் புரதம் எத்தனை நாள் இருக்கிறது என்று அளப்பது என் வேலை. கன்றுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அடித்த காற்றில் கோழிக் கொட்டகையின் கூரை பறந்து பக்கத்து வயலில் விழுந்தது. சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் (நாங்கள் எல்லோரும் அவரை 'மேடம்' என்றுதான் சொல்வோம்) என்னைக் கூப்பிட்டு, "உங்க குவார்ட்டர்ஸ்ல பின்னாடி இடம் இருக்குல்ல? ஆறு கோழியையும் கொண்டு போ. ஆனா ஒரு முட்டைகூட ஆராய்ச்சிக்கு வெளிய போகக் கூடாது" என்றார். நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

ஆறு கோழிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கிய என்னைப் பார்த்து அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, படிக்கப் போறேன்னுதான போன?"

"இதுதாம்மா படிப்பு."

அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். "விடு, பின்பக்கம் கெடக்கட்டும். பத்து மாடி ஒசர மெஷினோட மாரடிக்கேன், ஆறு கோழிய மேய்க்க முடியாதா?" என்று சொல்லிக் கூண்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒன்று அவர் சுண்டுவிரலைக் கொத்தியது. அதற்குப் பிறகு பத்து மாடி மெஷினோடு மட்டும் அவர் மாரடித்தார். கோழிகளை அம்மா எடுத்துக்கொண்டாள்.

முதல் நாலு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தீனி வைத்தாள். அடுத்த வாரம் மூக்கை விட்டாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் சீக்கிரமாக வீடு திரும்பியபோது, பின்வாசல் படியில் உட்கார்ந்து கோழிகளிடம், "இன்னைக்கு அவ வர நேரமாகும், பஸ் கெடைக்கணும்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டையை மட்டும் கையால் தொட மாட்டாள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுப்பாள். வளையம் போட்ட கோழிகளின் கூண்டிலிருந்து எடுத்ததைச் சிவப்பு வாளியில் போடுவாள், மற்றதை நீல வாளியில். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிற எனக்கு, வாளிகளைப் பார்ப்பதுதான் கோழிகளைப் பார்ப்பது.

இந்த நிலையில் அஞ்சலை அக்காவின் மாடு சினையாக இருந்தது.

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் பால் கொண்டு வருகிறவர் அஞ்சலை அக்கா. வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நகரியத்துச் சுவரை ஒட்டி வெளியே வீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை, இரண்டு மாடு. முந்தைய இரண்டு ஈற்றிலும் கன்றுகள் செத்துப்போயிருந்தன. ஒரு நாள் பால் ஊற்றும்போது அம்மாவிடம் சொன்னார்.

"பத்து நாளு துள்ளிக்கினு இருந்துச்சிங்க. ஒரே நாளுல தண்ணியா ஊத்தி, கண்ணு உள்ள பூந்துடுச்சி. மறுநாளு இல்லீங்க. மடியில பாலு கட்டிக்கினு மாடு கத்துது. அதுக்கு நான் இன்னா பதிலு சொல்றது?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முன்னால் வந்தேன். இருபத்து மூன்று வயதில் யாராவது அழுதால் உடனே ஒரு தீர்வைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும்.

"அக்கா, கவலப்படாதீங்க. இந்தக் கன்னு சாகாது. நான் பொறுப்பு."

வைரஸ், குடல் சுவர், எதிர்ப்புப் புரதம் என்று இருபது நிமிஷம் பேசினேன். எதிர் வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று கேட்டார்கள். (பின்னால் வர இருந்த அவமானத்துக்கு நானே கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.) கன்று பிறந்தது. சிவப்பு வாளியிலிருந்து முட்டைகளை எடுத்துக் கொடுத்து, "சீம்பால் குடிச்ச மறுநாளிலேர்ந்து, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. மஞ்சக் கருவ மட்டும் பாலுல கலந்து குடுங்க" என்றேன். மேடத்திடம் சொல்லவில்லை. கன்று துள்ளி விளையாடும்போது நேராகக் காட்டி அவரை ஆச்சரியப்படுத்துவதாகத் திட்டம்.

ஒன்பது நாள் கன்று துள்ளியது. நான் அதைவிட அதிகமாகத் துள்ளினேன்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கோழிகளைப் பார்க்க மேடம் வந்தார். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். பக்கத்து வீட்டு மாமிகள் இரண்டு பேர் பேராசிரியரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் காபியை ஒரு வாய் குடித்திருப்பார். கேட்டில் சைக்கிள் விழுகிற சத்தம்.

"பாப்பா! கன்னு ஊத்துது பாப்பா!"

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தக் கன்னு?"

நான் சொன்னேன். மேடம் குரலை உயர்த்தவில்லை; அதுதான் பயமாக இருந்தது.

"எத்தனை கன்னுக்குக் குடுத்த?"

"ஒண்ணு, மேடம்."

"ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கன்னு? கண்ட்ரோல் எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை அக்கா, தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கையைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்.

"கண்ட்ரோலே இல்லீங்கம்மா. விடியக்காலையிலேர்ந்து ஊத்திக்கினே இருக்குது."

ஒரு மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மேடத்தின் கன்னத்தில் ஏதோ ஒன்று துடித்து அடங்கியது. பிறகு எழுந்து, "வாங்க, பார்க்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, மேடத்தை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். கொட்டகையில் கன்று கால் நாலையும் நீட்டிப் படுத்திருந்தது. வால் முழுக்க மஞ்சளாக ஈரம். தாய் மாடு கயிற்றை இழுத்து இழுத்து அதன் முதுகை நக்கியது. மேடம் மண்ணில் குந்தி உட்கார்ந்து, கன்றின் வாய்க்குள் விரல் விட்டுச் சூடு பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"முட்டைய எப்படிக் குடுத்தீங்க?"

"பாப்பா சொன்ன மாதிரியேதாங்க. ஒரு வேள கூட தவறல. நல்லா வேகவெச்சி, மஞ்சக் கருவ மாவாட்டம் பெசைஞ்சி, பாலுல கரைச்சிக் குடுத்தேன்."

"வேக வெச்சா?" என்றேன் நான்.

"பின்ன? பச்சப் புள்ளைக்குப் பச்ச முட்டைய யாராச்சும் குடுப்பாங்களா பாப்பா?"

வெந்தால் அந்தப் புரதம் குலைந்துவிடும், ஒன்றுக்கும் ஆகாது. இது முதல் வருஷத்துப் பாடம். இருபது நிமிஷப் பிரசங்கத்தில் குடல் சுவரின் படத்தைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டிய நான், 'பச்சையாக' என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஒன்பது நாளும் அந்தக் கன்று சத்தான காலைச் சிற்றுண்டி சாப்பிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மேடம் என்னைத் திட்டவில்லை. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். மருத்துவர் வேறொரு கிராமத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை கன்றின் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, உப்பும் சர்க்கரையும் கரைத்துப் புகட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குப் போய் ஊசி போட்ட கோழியோட முட்டை எடுத்துட்டு வா. இனிமே நோயைத் தடுக்க முடியாது, வந்தாச்சு. குடல்ல மிச்சம் இருக்கிறதைக் கொஞ்சம் பிடிச்சாலும் பிடிக்கும். ஓடு."

ஸ்கூட்டரில் பறந்தேன். வீட்டின் பின்பக்கம் அம்மா கோழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சிவப்பு வாளியைத் தூக்கப் போனபோது, "அதுல ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"வந்து சொல்லும்மா."

"இல்லட்டி, இப்பவே சொல்லணும்."

அப்போதுதான் கோழிகளின் கால்களைப் பார்த்தேன். பன்னிரண்டு கால்கள். ஒன்றில்கூட வளையம் இல்லை.

"கால் வீங்கிட்டு. நொண்டிச்சு பாரு, பாக்கச் சகிக்கல. வாயில்லா ஜீவன்லா. கத்திரிய வச்சு வெட்டி விட்டுட்டேன்."

"எப்ப?"

"கன்னு பொறக்கதுக்கு நாலு நாள் முன்ன." உள்ளே போய் ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டு வந்து திறந்து காட்டினாள். மூன்று வளையங்களும் அதற்குள் கழுவித் துடைத்து இருந்தன. "பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

"எந்தக் கோழிக்கு இருந்துச்சும்மா?"

"எல்லாம் வெள்ளைதானட்டி! ஒண்ண ஒண்ணு தேடிச்சு, அதனால ஒரே கூண்டுலதான் விட்டிருக்கேன்."

"அப்ப வாளி? தினம் ரெண்டு வாளியிலயும் முட்டை இருந்துச்சே!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நீ மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு, அதுல பாதி இதுல பாதின்னு சமமாப் பிரிச்சுப் போட்டேன்."

நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வேகவைத்த முட்டை, அதிலும் எது சரியான முட்டை என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஆறு மாத ஆராய்ச்சி போயிற்று. அங்கே அஞ்சலை அக்காவின் கன்று போய்க்கொண்டிருக்கிறது. 'நான் பொறுப்பு' என்று சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அழத்தான் தோன்றியது. அம்மா இரண்டு வாளி முட்டைகளையும் ஒரு துணிப்பையில் கொட்டினாள். வெறுங்கையால். பிளாஸ்டிக் பையைத் தேடவில்லை.

"எந்திரி. வண்டிய எடு. நானும் வாறேன்."

முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தாள். வேகத்தடைகளில் எல்லாம், "மெதுவாட்டி, மெதுவாட்டி" என்றாள்.

கொட்டகையில் வளையக் கதையைக் கேட்ட மேடம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "ஆறு கோழியோட முட்டையும் இதுல இருக்குல்ல? எல்லாத்தையும் சேர்த்துக் கலக்கு. பாதியாவது சரியானதா இருக்கும்" என்றார்.

நான் முதல் முட்டையை உடைத்தேன். ஓடும் கருவும் சேர்ந்து தரையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. "குடு இங்க" என்று அம்மா வாங்கினாள். பிறந்ததிலிருந்து முட்டையை உடைத்தே பார்க்காதவள். உதடு என்னவோ முணுமுணுத்தது. முருகனிடம் மன்னிப்பாக இருக்கலாம். கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள், உள்ளங்கையில் ஊற்றினாள், விரலிடுக்கில் வெள்ளையை வழியவிட்டு மஞ்சளை மட்டும் நிறுத்தினாள். எலுமிச்சம்பழம் பிழியும்போது விதையை நிறுத்துகிற அதே கை. ஒன்று, இரண்டு, மூன்று. முழங்கை வரை வழிந்தது.

பாலில் கலக்கிப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தோம்; கன்று வாயில் வாங்கவில்லை. தலையைத் தொங்கவிட்டது. அம்மா கலவையில் விரல்களைத் தோய்த்து அதன் வாய்க்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது விரலைச் சப்பியது. அம்மா மறுபடி தோய்த்தாள். மறுபடி சப்பியது. அஞ்சலை அக்கா கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "குடிக்குதுங்க, குடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த உருக்கமான நேரத்தில்தான், வாலைத் தூக்கிப் பார்க்கலாம் என்று மேடம் பின்பக்கம் குனிந்தார். நானும் குனிந்தேன். கன்றுக்கு உண்மையிலேயே கண்ட்ரோல் இல்லை. மேடத்தின் கஞ்சி போட்ட காட்டன் புடவையும் என் சுடிதாரும் ஒரே நிறமாயின. மேடம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் சிரித்தது யார் என்று இன்று வரை எங்களுக்குள் தகராறு.

மருத்துவர் வந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார், மருந்து கொடுத்தார். நாலு நாள் அதே பாடு. நாலு நாளும் அம்மா காலையும் மாலையும் போய்ப் பச்சை முட்டை உடைத்தாள். ஐந்தாம் நாள் கன்று எழுந்து நின்றது. அம்மாவின் முந்தானையைக் கடித்து இழுத்தது.

அதைக் காப்பாற்றியது மருத்துவரின் குளுக்கோஸா, உப்புச் சர்க்கரைத் தண்ணீரா, பாதி சரியான மஞ்சள் கருவா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. "பொழைச்சதுக்குச் சந்தோஷப்படு. ஆனா இதை ஆராய்ச்சின்னு ஒரு இடத்துலயும் எழுதாத. முதல்ல அந்தம்மாகிட்ட போய் உண்மையைச் சொல்லு" என்றார் மேடம். கோழிகளைத் தனித்தனியாக அடைத்து, ஒவ்வொன்றின் முட்டையையும் பரிசோதித்து, புரதம் இருக்கிற மூன்றை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவர்தான். புது வளையம் மாட்டும்போது அம்மா பக்கத்திலேயே நின்று, "கொஞ்சம் தொளதொளன்னு போடுங்கம்மா" என்றாள்.

நான் அஞ்சலை அக்காவிடம் போனேன். "அக்கா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். எனக்கு அவ்வளவு தெரியாது. பொறுப்புன்னு சொன்னது தப்பு" என்றேன்.

அவர் சாணி அள்ளுவதை நிறுத்தினார். "தெரிஞ்சவங்க யாரு பாப்பா எங்க கொட்டாவுல வந்து குந்துனாங்க? நீ குந்துன. உங்கம்மா குந்துனாங்க." அப்புறம் குரலை மாற்றி, "நான் வந்ததும் வராததுமா அந்த டீச்சரம்மா ஒரு வார்த்த சொல்லிக் கேட்டாங்களே, அதையே கன்னுக்குப் பேரா வெச்சிட்டேன்" என்றார்.

கண்ட்ரோல் இன்று இரண்டு கன்று ஈன்ற பசு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அதன் பால்தான். புதிதாகக் குடிவந்தவர்கள், 'கண்ட்ரோல் பால்' என்றால் அரசாங்கத் திட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் இப்போது வேறு ஊரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகி முதல் பொங்கலுக்கு என் கணவரோடு நெய்வேலி போனபோது, அம்மா அவருக்கு இலை போட்டு இந்தக் கதையைச் சொன்னாள். கதை வளர்ந்திருந்தது. கன்று மூன்று தடவை செத்துப் பிழைத்தது. மேடம் அழுதார். அப்புறம் வளையம் வந்தது.

"கோழிக்குக் கால் வீங்கிட்டுன்னு இவதான் மாப்ள வெட்டி விட்டுட்டா. படிச்ச பிள்ள, ஆராய்ச்சி போயிருமேன்னு கூட நெனைக்கல. சின்னதுலேர்ந்தே அப்படித்தான், எளகின மனசு."

அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று கன்று சப்பிய அதே விரல்களால் மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

"அப்படியா?" என்று கணவர் என்னைக் கேட்டார்.

"ஆமா, நான்தான்" என்றேன்.